ஏழாவது ஊஞ்சல் பாட்டும் என் ரீல் மெசினும்

இதை எழுத வேண்டும் என்று நினைக்கத் தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. ஒரு கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன். அதோடு மூடி வைத்துவிட்டேன். அடுத்த வருடம் வேறொரு கொப்பி. அதிலும் சுழி மட்டும்தான். இப்படி மூன்று கொப்பி வீட்டில் கிடக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், எனக்கு எழுத வராது என்று மனைவிக்குச் சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை. எழுதினால் நான் செய்த பிழையை எழுத வேண்டும். அதுதான் காரணம்.

என் தொழில் நீர்ப்பம்பி மோட்டர்களுக்குக் கம்பி சுற்றுவது. துணுக்காய்ப் பக்கம் வயல் செய்கிறவர்களின் மோட்டர் எரிந்தால் பெரும்பாலும் என்னிடம்தான் வரும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அங்கேதான் வேலை. காலையில் திருநீறு பூசி, கொட்டிலில் மாட்டியிருக்கும் பிள்ளையார் படத்துக்கு ஒரு பூ வைக்காமல் எந்த மோட்டரையும் திறந்ததில்லை. பின்னேரம் வேலை முடிந்ததும் குளக்கட்டில் இருக்கும் எங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போவேன். வேறு போக்குவரத்து எனக்குக் குறைவு.

அந்தக் கோயிலுக்கென்று சொந்தமாகத் திருவூஞ்சல் பாட்டு உண்டு. திருவிழா முடிகிற நாளில் பிள்ளையாரை ஊஞ்சலில் இருத்தி ஆட்டும்போது பாடுவது. எங்கள் பக்கத்தில் அது ஒவ்வொரு கோயிலுக்கும் தனித்தனி. ஒரு கோயிலின் பாட்டை இன்னொரு கோயிலில் பாடுவதில்லை. எங்களுடையது பத்துப் பாட்டு. கட்டியவர் எங்கள் ஊரிலேயே வயல் செய்தவர். காலமாகிவிட்டார். அச்சடித்த புத்தகம் சண்டைக்கால இடம்பெயர்வில் போய்விட்டது. திரும்பி வந்து, கோயிலைத் துப்பரவாக்கி, முதல் திருவிழா செய்தபோது, ஆளாளுக்கு ஞாபகத்தில் இருந்ததைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஒன்பது பாட்டுக் கிடைத்தது. ஏழாவது ஒருவருக்கும் வரவில்லை.

ஏழாவதை விட்டுவிட்டு நேரே எட்டாவதுக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. அதனால் ஆறாவது முடிந்ததும் பாடுகிறவர் நிறுத்துவார். ஒரு பாட்டுப் பாடும் நேரத்துக்கு மேளம் மட்டும் அடிக்கும். ஊஞ்சல் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருக்கும். பிறகு எட்டாவது. வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பாடுகிறவருக்குத் தண்ணீர் விடாய் என்று நினைத்துச் செம்பை நீட்டுவார்கள்.

பாட்டுக் கட்டியவரின் மகள் எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார். உறவில்லை, ஆனால் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தம்பி, நீ என்பார். மேளம் மட்டும் அடிக்கும் அந்த நேரத்தில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "அப்பான்ர பாட்டில ஒரு பல்லு விழுந்தமாதிரிக் கிடக்குது" என்று ஒருமுறை சொன்னார்.

ஒருநாள் அவர் ஒரு பெரிய பிஸ்கட் பேணியோடு கொட்டிலுக்கு வந்தார். உள்ளே பொலித்தீன் சுற்றி, அதற்குள் சீலை சுற்றி, அதற்குள் சாப்பாட்டுத் தட்டளவு பெரிய ஒலிநாடாச் சில்லு ஒன்று. வானொலியில் வேலை செய்த ஒருவர் முன்னொரு காலம் திருவிழாவுக்கு வந்து, அக்காவின் தகப்பன் பாடியதைப் பதிந்து கொடுத்தாராம். இடம்பெயரும்போது கிணற்றடியில் தாட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து கிண்டி எடுத்திருக்கிறார்.

"பத்துப் பாட்டும் இதுக்குள்ள கிடக்கு. நீதான் எடுத்துத் தரவேணும்" என்றார்.

"அக்கா, நான் தண்ணிப் பம்பி செய்யிறவன். இது வேற வேலை."

"நீ சுத்துறனீதானே. இதுவும் சுத்துறதுதானே."

பேணியை வாங்கி மேசையில் வைத்தேன்.

வீட்டில் பாவிக்கிற சின்ன மெசினில் அந்தச் சில்லுப் பூட்ட முடியாது. வானொலிக்காரர் பாவிக்கிற பெரிய மெசின் வேண்டும். விசாரித்து விசாரித்துக் கடைசியில் நெளுக்குளத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் ஒன்று இருப்பதாக அறிந்து போனேன். கடைக்காரர் முஸ்லிம், நானா என்றுதான் கூப்பிட்டேன். அவர் அதைத் தேத்தண்ணி வைக்கும் மேசையாகப் பாவித்துக்கொண்டிருந்தார். கொழும்பில் பாட்டுப் பதியும் இடமொன்று பூட்டியபோது லொறியோடு வந்த சாமானாம்.

"இதை நீங்க கொண்டு போனா என்ட கோப்பைய நான் எங்க வைக்கிற?" என்று கேட்டார். கோயில் பாட்டு ஒன்று கேட்க வேண்டும் என்று விசயத்தைச் சொன்னேன். கோப்பையைக் கையில் எடுத்தார். "அப்பிடியெண்டா கொண்டு போங்க. ஆனா உள்ளுக்க ஊத்துப்பட்ட தேத்தண்ணிக்கு நான் பொறுப்பில்ல."

நாலு பேர் பிடித்து ஓட்டோவில் ஏற்றினோம். ஓட்டோ ஒரு பக்கம் சாய்ந்தபடியே எங்கள் ஊர்வரை வந்தது.

அதைத் திருத்த எனக்கு ஒரு வருடத்துக்குக் கிட்ட எடுத்தது. உள்ளே மூன்று மோட்டர். அது எனக்கு விளங்கியது. இரண்டு, சில்லுகளைச் சுற்ற. ஒன்று, நாடாவை ஒரே வேகத்தில் இழுக்க. மூன்றையும் கழற்றி, இறுகிப்போன எண்ணெயை மண்ணெண்ணெயில் கழுவி, ஒன்றுக்குக் கம்பி புதிதாகச் சுற்றினேன். நாடாவை அமர்த்திப் பிடிக்கும் இறப்பர் உருளை தாராக உருகியிருந்தது. தொட்ட கை மூன்று நாள் கறுப்பாகவே இருந்தது. அந்தக் கையால்தான் சோறு சாப்பிட்டேன். கிளிநொச்சியில் லேத் வைத்திருக்கும் ஒருவர் பம்பி இறப்பரில் புது உருளை கடைந்து தந்தார். மற்ற வேலைகளுக்குக் கைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி மெசினைத் திருத்தும் படம் பார்த்தேன். பேச்சு விளங்காதபடியால் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கையை மட்டும் பார்த்தேன். அவருடைய கை மெதுவான கை. நன்றாக விளங்கியது.

முதல் தரம் கரண்ட் கொடுத்தபோது கண்டென்சர் ஒன்று வெடித்தது. கொட்டில் முழுக்கப் புகை. மனைவி குசினியில் இருந்து வந்து வாசலில் நின்று பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, கோயில் வேலையெண்டு சொல்லிப்போட்டு வீட்டைக் கொளுத்தப் போறியளோ?"

"சின்னச் சாமான் ஒண்டுதான் வெடிச்சது."

"பெரிய சாமான் எத்தினை கிடக்கு? சொன்னியளெண்டால் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டை போயிடுவன்."

பழைய கண்டென்சர் எல்லாவற்றையும் மாற்றினேன். பிறகு ஒன்றும் வெடிக்கவில்லை.

நாடா உரசிப் போகும் இடத்தில் மூன்று சின்ன உலோகத் துண்டுகள் வரிசையாக இருக்கும். ஹெட் என்பார்கள். ஒன்று அழிக்க, ஒன்று பதிய, ஒன்று கேட்க. கேட்கிற ஹெட்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீற்று உண்டு, சத்தம் அதற்குள்ளால்தான் வருகிறது. மூன்றையும் ஆரம்பத்திலேயே பஞ்சும் ஸ்பிரிட்டும் கொண்டு துடைத்து, முகம் பார்க்கலாம் போல மினுக்கி வைத்திருந்தேன். அந்த வேலை முடிந்தது என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் ஆயுத பூசை வந்தது. குறடு, ஈயம் பற்றவைக்கும் இரும்பு, கம்பி சுற்றும் கருவி, எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும் அதன் நடுவில் குங்குமமும் வைத்தேன். ரீல் மெசினின் மூடி திறந்து கிடந்தது. மூன்று ஹெட்டும் பளபளவென்று என்னைப் பார்த்தன. இதைவிட நல்ல இடம் எது என்று மூன்றுக்கும் பொட்டு வைத்தேன். கோயிலில் கல்லில் அரைத்த சந்தனம். பூசை செய்து வைத்த பொட்டை நாங்கள் துடைப்பதில்லை. அது தானாக உதிர வேண்டும். நானும் துடைக்கவில்லை. காய்ந்து உதிர்ந்தது. உதிர்ந்த பிறகு ஒரு கறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம், அக்காவின் சில்லைப் பூட்டிச் சுற்ற விட்டேன். குரல் வந்தது. ஆனால் கிணற்றுக்குள் நின்று பாடுவது போல. மொத்தமாக ஒரு முனகல், அதற்குப் பின்னால் மேளம். ஒன்பது பாட்டையும் என்னால் பின்தொடர முடிந்தது. ஏனென்றால் அவை எனக்குத் தெரிந்த பாட்டுகள். தெரிந்த சொல்லைக் காது தானாக நிரப்பிவிடும். ஏழாவது வந்ததும் ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் வரும் 'ஆடீர் ஊஞ்சல்' மட்டும்தான் தெரிந்தது.

ஒரு மாதம் முயன்றேன். கண்டென்சர்களைத் திரும்பவும் மாற்றினேன். புது ஸ்பீக்கர் போட்டேன். கடைசியில் நாடாதான் மண்ணுக்குள் கிடந்து செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். ஒரு விசயம் மட்டும் மனதுக்கு ஆறுதலாக இருந்தது. மெசின் ஓடிச் சூடு ஏறினால் கொட்டிலில் மெல்லிய சந்தன வாசம் வரும். அதைப் பிள்ளையாரின் அருள் என்று நினைத்தேன். மனைவியைக் கூப்பிட்டு மணந்து பார்க்கச் சொன்னேன். அவரும் ஓம், வருகிறது என்றார். இருவரும் கைகூப்பினோம்.

கோயில் தலைவர் வந்தார். "தம்பி, புத்தகம் அடிக்கக் குடுக்கவேணும். ஆனித் திருவிழாவுக்கு முந்தி வேணும். கேக்குதோ?"

"கேக்குது, அண்ணை."

"ஏழாவதும்?"

அக்கா அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"ஓம்" என்றேன்.

என் பிழை அந்த ஒரு சொல்தான். பிறகு நடந்தது எல்லாம் அதன் வேலை.

மூன்று நாள் கொட்டிலில் இருந்து ஒரு பாட்டு எழுதினேன். நாற்பது வருடம் ஊஞ்சல் பார்த்தவன், அது அவ்வளவு கடினமாக இருக்கவில்லை. பவளத்தால் கால், வயிரத்தால் விட்டம், பொன்னால் சங்கிலி, மாணிக்கப் பலகை. எல்லா ஊர் ஊஞ்சலிலும் உள்ள சாமான்களை அள்ளிப் போட்டேன். நாடாவைக் கேட்டு எழுதியது என்று தலைவரிடம் கொடுத்தேன். குரல் கிணற்றுக்குள் பாடுவது போலத்தான் கேட்கும், பழகிய காதுக்கு மட்டும் சொல் பிடிபடும் என்று அக்காவுக்குச் சொல்லி வைத்தேன்.

அந்த வருடம் ஆறாவது முடிந்ததும் பாடுகிறவர் நிற்கவில்லை. ஏழாவதைப் பாடினார். அக்கா விம்மி விம்மி அழுதார். அடுத்த நாள் ஒரு சீப்புக் கதலிப்பழம் கொண்டுவந்து தந்தார். நான் வாங்கினேன். பிள்ளைகள் சாப்பிட்டார்கள். என்னால் முடியவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அடுத்த வருடம் வெளிநாட்டில் இருக்கிற ஊரவர்கள் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, பாட்டில் பொன்னும் மாணிக்கமும் இருக்க நாங்கள் மரப்பலகையிலா சாமியை ஆட்டுவது என்று கேட்டு, வெள்ளித் தகடு அடித்த ஊஞ்சல் ஒன்று செய்வித்துத் தந்தார்கள். நான் எழுதியதைப் பார்த்து ஊஞ்சலே மாறிவிட்டது. பழைய பலகை களஞ்சிய அறைக்குள் போனது. அதன்மேல் அரிசி மூட்டை வைத்தார்கள்.

மூன்று திருவிழா அப்படிப் போனது. மூன்றாவது முடிந்த பிறகு அக்கா வந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குத் தன் தகப்பனின் குரலைக் கைபேசியில் பதிந்து அனுப்ப வேண்டும் என்றார். "கிணத்துக்கை பாடினமாதிரி எண்டாலும் பரவாயில்லை, தம்பி. குரல்தானே."

மெசினில் தூசி இருந்தது. பதிவதற்கு முன் ஒருமுறை துப்பரவாக்குவோம் என்று பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஹெட்டைத் துடைத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. இரண்டாவது பஞ்சும் மஞ்சள். மணந்து பார்த்தேன். சந்தனம். மூன்று வருடம் அருள் என்று கும்பிட்டது என் கையால் வைத்த பொட்டு. உதிர்ந்தது மேல்பகுதி மட்டும். அடிப்பகுதி மெல்லிய தோலாக ஒட்டி, நாடா ஓட ஓட அந்தக் கீற்றை மெழுகி அடைத்திருக்கிறது. ஏழு பஞ்சுக்குப் பிறகு வெள்ளையாக வந்தது.

சில்லைப் பூட்டினேன். அக்காவின் தகப்பன் மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. யாரோ குழந்தையை அதட்டுவது கேட்டது. ஏழாவது வந்தது. அது இதுதான்:

பாலைமரம் இருகாலாய் நாட்டி வைத்தோம்
பாரம்பொறுக் கும்முதிரைப் பலகை சேர்த்தோம்
காலையிலே தும்படித்துக் கயிறு திரித்தோம்
காட்டாறு கடந்துவந்து கட்டி விட்டோம்
வேலையிலே பிழையிருந்தால் பொறுக்க வேண்டும்
வேழமுகா உம்பாரம் நாங்கள் அறிவோம்
சோலைநிழல் குளக்கட்டில் அமர்ந்த ஐயா
புதுக்கயிறு மெல்லமெல்ல ஆடீர் ஊஞ்சல்.

பவளமும் இல்லை, பொன்னும் இல்லை. எங்கள் காட்டுப் பாலையும் முதிரையும், ஊரவர்கள் திரித்த கயிறும். பாரம் கூடிய சாமி, கயிறு புதிது, கவனம் என்று அவரிடமே சொல்லியிருக்கிறார்கள்.

மெசினை நிறுத்திவிட்டுக் கொட்டிலைப் பூட்டினேன். அக்காவிடம் மெசின் பழுது என்றேன். எட்டு மாதம் அப்படியே சொன்னேன். கோயிலுக்குப் போனேன், கும்பிட்டேன், ஆனால் நேரே பார்க்கவில்லை. கடைசியில் மனைவியிடம் சொன்னேன். அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"அப்ப அந்தச் சந்தன வாசத்துக்கு நானும் கும்பிட்டது?"

"ஓம்."

"என்னையும் சேர்த்துக் கெடுத்துப்போட்டியள்." அரிசியை உலையில் போட்டுவிட்டு, "அக்காட்டைப் போய்ச் சொல்லுங்கோ. சொல்லாமல் இஞ்சை சோறு இல்லை" என்றார். அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை.

மெசினை ஓட்டோவில் ஏற்றி அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். மூன்று வீட்டுத் தூரத்துக்கு ஓட்டோ. அக்கா கதிரையில் இருந்து கேட்டார். முதல் பாட்டில் சிரித்தார். ஆறாவது முடிந்தது. ஏழாவது வந்ததும் முன்னால் குனிந்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். போட்டேன்.

"அப்பா பிள்ளையாருக்கே கயிறு அறும் எண்டு சொல்லியிருக்கிறார்" என்றார். பிறகு முகம் மாறியது. "அப்ப நாங்கள் மூண்டு வருசமாப் பாடுறது?"

"அது நான் எழுதினது, அக்கா."

பொட்டு வைத்ததில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா எழுந்து குசினிக்குள் போனார். தேத்தண்ணி போடப் போகிறார் என்று இருந்தேன். நெடுநேரம் ஆனது. உள்ளே இருந்தபடி சொன்னார்: "மெசினைக் கொண்டு போங்கோ. நீங்கள் போங்கோ."

இத்தனை வருடத்தில் அவர் என்னை நீங்கள் என்று சொன்னது அன்றுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் கோயில் கூட்டம். அக்காதான் கேட்டுக் கூட்டியது. தலைவர் நெற்றியைத் தடவினார்.

"புத்தகம் அடிச்சாச்சு. வெள்ளி ஊஞ்சலும் வந்திட்டுது. இனிப்போய் முதிரைப் பலகை எண்டு பாடினா, செய்து தந்தவை என்ன நினைப்பினம்?"

ஒருவர் இரண்டையும் பாடலாமே, பதினொன்றாக இருக்கட்டுமே என்றார்.

"அப்பா பத்துத்தான் கட்டினவர்" என்றார் அக்கா. "பதினொண்டு வேணுமெண்டால் வேற கோயில் கட்டுங்கோ."

"அக்கா, தம்பி எழுதினதும் நல்ல பாட்டுத்தானே. நீங்களே அழுதனீங்கள்" என்றார் பதினொன்று கேட்டவர்.

"நல்ல பாட்டுத்தான். அதுதான் கரைச்சல். அது நல்லாயிருக்க இருக்க, அப்பான்ர பாட்டை ஒருத்தரும் தேடாயினம்."

தலைவர் என்னைப் பார்த்தார். அக்காவின் தகப்பன் கட்டியதையே பாடுவது, ஊஞ்சல் ஆட்டுமுன் என் பிழையை மைக்கில் நானே சொல்ல வேண்டும் என்று முடிவானது.

சொன்னேன். தலைவர் பக்கத்தில் நின்று, மைக் இரைகிறது, தள்ளிப் பிடி என்றார். தள்ளிப் பிடித்துத் திரும்பவும் சொன்னேன். அதனால் சனங்கள் இரண்டுதரம் கேட்டார்கள். ஒரு குழந்தை பலூன் கேட்டு அழுதது. பிறகு ஊஞ்சல் தொடங்கியது. ஏழாவதில், புதுக்கயிறு என்று வந்த இடத்தில் கூட்டம் சிரித்தது. கோயிலில் சிரிப்பது பிழையென்று வாயைப் பொத்தினார்கள். ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருந்த இரண்டு பேரும் வெள்ளிச் சங்கிலியைப் பிடித்திருந்த கையைத் தங்களை அறியாமல் மெதுவாக்கினார்கள். அக்கா அழவில்லை. உதட்டை அசைத்துக் கூடவே பாடினார். எனக்கு அது போதும். அவர் இன்றைக்கும் என்னை நீங்கள் என்றுதான் சொல்கிறார்.

களஞ்சிய அறையில் இருந்த புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஏழாவது பாட்டின்மேல் சரியான பாட்டு எழுதிய தாளை மாப்பசையால் ஒட்டினோம். மனைவி வெட்டித் தந்தார், நான் ஒட்டினேன். ஆனால் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன புத்தகங்கள் எங்கள் கைக்கு வராது. அவற்றில் நான் எழுதியதுதான் இன்னமும் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கொப்பியில் சுழிக்குக் கீழேயும் எழுதினேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அந்தப் புத்தகம் உங்கள் வீட்டுச் சாமியறையில் இருந்தால் ஏழாவது பாட்டை வெட்டிவிட்டு, மேலே உள்ளதை எழுதுங்கள். புத்தகம் இருக்கிற மற்றவர்களுக்கும் இதைக் கொடுங்கள். கொடுக்கும்போது பாட்டில் ஒரு சொல்லும் மாற்ற வேண்டாம். முதிரைக்குப் பதிலாகச் சந்தனம் என்று போட்டால் அழகாயிருக்கும் என்று தோன்றலாம். வேண்டாம். நான் நல்ல எண்ணத்தில் செய்தேன் என்றும் சேர்க்க வேண்டாம். நான் எழுதிய பாட்டை இங்கே எழுதாமல் விட்டிருக்கிறேன். யாருக்காவது அது ஞாபகம் இருந்தால், தயவுசெய்து அதையும் சேர்க்காமல், இதை இருக்கிறபடி கொடுங்கள்.